ஹூலாவில் முதலில் வருவது ஆட்டமா, பாட்டா?

வாசகர் கேள்வி, 9 பிப்ரவரி 2024

விடுமுறைக்கு ஹவாய்த் தீவுகளின் ஹொனலுலு போயிருந்தோம். ஓட்டல் விருந்தில் அந்த ஊர் ஆட்டமான ஹூலா பார்த்தோம். புல் பாவாடை, கட்டைப் பறை, படபடவென்று இடுப்பாட்டம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இதைப் பண்பாட்டுச் செல்வம் என்கிறார்களே, அதுதான் புரியவில்லை. சுற்றுலாக்காரர்களுக்காக உண்டான கேளிக்கைதானே? இதில் மரபு எங்கே இருக்கிறது?

9 பிப்ரவரி, இரவு

நீங்கள் பார்த்ததில் பாதி ஹூலாவே இல்லை. கட்டைப் பறையின் வேகத்துக்கு இடுப்பை உதறுவது தஹிட்டித் தீவின் ஆட்டம். அது ஹவாய்க்குத் தெற்கே நாலாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. விருந்து நடத்துகிறவர்கள் தஹிட்டி, சமோவா, ஹவாய் எல்லாவற்றையும் ஒரே மேடையில் ஏற்றி ஒரே பெயரில் காட்டிவிடுகிறார்கள். பார்க்கிறவர்மேல் தப்பில்லை. ஹவாயின் ஹீலோ ஊருக்குப் போன புதிதில் நானும் அப்படித்தான் நம்பினேன்.

கணவரின் வேலைக்காக ஹீலோவில் இரண்டரை ஆண்டு இருந்தோம். பக்கத்து வீட்டு ஆன்டி என்னை ஹூலா வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனார். (அங்கே மூத்த பெண்கள் எல்லோரும் ஆன்டி, ஆண்கள் எல்லோரும் அங்கிள். சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அந்த ஊர் சீக்கிரம் ஒட்டிக்கொண்டது.) வாரம் இரண்டு மாலை வகுப்பு. முதல் ஆறு வாரம் காலை அசைக்கவே விடவில்லை. பாயில் உட்காரவைத்து ஒரே பாட்டைச் சொல்லச் சொன்னார்கள். சொல், பொருள் சொல், மறுபடி சொல். ஆட வந்தவளுக்கு எதற்கு மொழி வகுப்பு என்று கேட்டே விட்டேன். குமு, அதாவது ஆசிரியர், கோபப்படவில்லை. "கை என்ன சொல்லப்போகிறது என்று தெரியாமல் அதை எதற்குத் தூக்குவாய்?" என்றார்.

உங்கள் கேள்விக்கு என் பதிலும் அதுதான். ஹூலாவில் மெலேதான் முதல். பாட்டையும் கவிதையையும் சேர்த்துக் குறிக்கும் சொல் அது. ஆடாமல் ஓதுவதற்கு மட்டும் உள்ளது ஓலி. மெலே இல்லாமல் ஓலி உண்டு, ஆட்டம் இல்லாமல் மெலே உண்டு. மெலே இல்லாமல் ஹூலா கிடையாது.

10 பிப்ரவரி

திருத்தம். ஓலியும் மெலேதான், ஆடாமல் ஓதப்படும் மெலே. நேற்றுத் தூக்கக் கலக்கத்தில் இரண்டையும் பிரித்து எழுதிவிட்டேன். கடைசி வாக்கியத்தில் மாற்றமில்லை.

புல் பாவாடை பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் ஹவாயில் பிறந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கில்பர்ட் தீவுகளிலிருந்து, இன்றைய கிரிபாட்டியிலிருந்து, தோட்ட வேலைக்கு வந்தவர்களோடு வந்தது. ஹவாயின் பழைய உடுப்பு கப்பா. வவுக்கே என்ற செடியின் பட்டையை ஊறவைத்து, தட்டித் தட்டித் துணியாக்கி, சாயம் ஏற்றி இடுப்பில் சுற்றுவார்கள். அந்தப் பாவாடைக்குப் பெயர் பாஊ.

இரண்டும் நெடில், நடுவில் ஒரு சின்ன நிறுத்தம். தமிழ் படித்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். படம் வேறு, பாடம் வேறு என்பதுபோல அங்கேயும் குறில் நெடில் மாறினால் பொருள் மாறிவிடும். பவு என்றால் முடிந்தது. அதே குறில்களுக்கு நடுவில் தொண்டையை நிறுத்திப் பஉ என்றால் புகைக்கரி. பாஊ என்றால் பாவாடை. அந்த நிறுத்தத்துக்கு ஒக்கினா என்று பெயர். தலைகீழ் மேற்கோள் குறி மாதிரி இருந்தாலும் அது முழு எழுத்து. அதையும் சேர்த்து மொத்தம் 13 எழுத்துகள். அதிலே ஒரு கடல் அளவுக்குக் கவிதை வைத்திருக்கிறார்கள்.

12 பிப்ரவரி

"தடை செய்தார்களாமே, உண்மையா?" உண்மை. 1820-இல் அமெரிக்காவிலிருந்து கிறிஸ்தவ மதப் பரப்புநர்கள் வந்தார்கள். அரசி காஅஹுமானு மதம் மாறினார். 1830-இல் பொதுவெளியில் ஹூலா கூடாது என்று ஆணையிட்டார். அரை நூற்றாண்டு ஹூலா செத்துக் கிடந்தது. கலாகவுவா மன்னர் வந்துதான் 1883-இல் தன் முடிசூட்டு விழாவில் மறுபடி ஆடவைத்தார்.

13 பிப்ரவரி

மேலே எழுதியது பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருக்கிறது. அவ்வளவு நேராக நடக்கவில்லை. "செத்துக் கிடந்தது" என்று நான் எழுதியிருக்கக் கூடாது. காஅஹுமானு 1832-இல் இறந்துபோனார். அடுத்த ஓரிரு ஆண்டிலேயே இளம் அரசர் மூன்றாம் கமேஹமேஹா ஹூலாவை மறுபடி ஆடவிட்டார். பிறகு 1850-களில் தடைக்குப் பதில் உரிமக் கட்டணம் போட்டார்கள். பொதுவில் ஆடக் காசு கட்ட வேண்டும். நாட்டுப்புறத்தில் இதையெல்லாம் யார் பார்த்தார்கள்? வீட்டுக் கொல்லையிலும் காட்டோரத்திலும் பாட்டிகள் பேத்திகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பாட்டிகளை விட்டுவிட்டு அரசரை மட்டும் எழுதினால் கதை பாதிதான்.

கலாகவுவா செய்தது வேறு. மறைவில் இருந்ததை அரண்மனை முற்றத்துக்கு அழைத்து வந்தார். இயோலானி அரண்மனையில் நடந்த முடிசூட்டுக்கு மெலேக்களின் பட்டியலை அச்சிட்டார்கள். அதை ஆபாசம் என்று சொல்லி, அச்சிட்டவர்கள்மேல் வழக்குப் போட்டார்கள். ஆடியவர்கள்மேல் இல்லை, பாட்டுகளின் பெயர்களை அச்சிட்டவர்கள்மேல்! எதிர்த்தவர்களுக்கும் தெரிந்திருக்கிறது, விஷயம் இடுப்பில் இல்லை, சொல்லில் என்று. 1886-இல் அவருடைய ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மறுபடி பெரிய விழா. பழைய அசைவுகளோடு புதுப் பாட்டையும் கருவிகளையும் கலந்த ஹூலா குஇ அவர் காலத்தில்தான் தழைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஹூலாவை எதிர்த்த அதே மதப் பரப்புநர்கள்தான் ஹவாய் மொழிக்கு எழுத்து வகுத்தார்கள். மக்கள் அசுர வேகத்தில் படிக்கக் கற்றுக்கொண்டு, அந்த எழுத்தில் மெலேக்களை எழுதிக் குவித்தார்கள். 1834 முதல் 1948 வரை ஹவாய் மொழிச் செய்தித்தாள்கள் ஏறத்தாழ நூறு வந்தன. மொத்தம் சுமார் 1,25,000 பக்கம். மெலேக்கள், இரங்கற்பாக்கள், பெலே கதைகள் தொடராக வந்தன. இன்று ஒரு குமு பழைய பாட்டு ஒன்றை மீட்டெடுக்கிறார் என்றால் பெரும்பாலும் அந்தப் பக்கங்களிலிருந்துதான். எனக்கு அந்த மதப் பரப்புநர்கள்மேல் முழுக் கோபம் வரமாட்டேன் என்கிறது. முழு நன்றியும் வரவில்லை.

13 பிப்ரவரி, இரவு

பெலே யார் என்று கேட்டவருக்கு: எரிமலைத் தெய்வம். அவள் தங்கை ஹிஇயாக்கா. ஹவாயின் பூனா கரையில் ஹோப்போயே என்ற தோழியிடம் ஹிஇயாக்கா ஹூலா கற்றாள். அந்தக் கதை தனி இழைக்குத் தகும்.

18 பிப்ரவரி

சரி, உள்பொருள். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

கவோனா என்று ஒரு சொல். மெலேயின் மேலே தெரியும் பொருளுக்கு அடியில் ஓடும் பொருள். நமக்கு இது ஒன்றும் புதிதில்லை, சங்கப் பாட்டின் உள்ளுறை படித்தவர்கள் உடனே தலையாட்டுவார்கள். ஹிஇலாவே என்று வைப்பியோ பள்ளத்தாக்கில் ஓர் அருவி. அதன் பெயரில் ஒரு பாட்டு. மேலோட்டமாகப் பார்த்தால் அருவி, பனிமூட்டம், சலசலக்கும் பறவைகள். உள்ளே ஒரு காதல். பறவைகள் என்பது ஊர் வாய், அதாவது அலர். கேபி பஹினுயி 1946-இல் கிடாரோடு அதைப் பாடிப் பதிவு செய்தார். வகுப்பில் எங்கள் குமு அதைப் பாடிக் காட்டிவிட்டு "பறவைகள் யார்?" என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் "பக்கத்து வீட்டுக்காரர்கள்" என்றேன். கூடம் முழுக்கச் சிரிப்பு. குமு, "உங்கள் ஊரிலும் உண்டா?" என்றார். இரண்டாயிரம் ஆண்டாக உண்டு என்றேன்.

அவர்களுக்கு மழையெல்லாம் ஒரே மழை இல்லை. பெயர் வைத்த மழைகள் இருநூறுக்கும் மேல். ஹீலோவின் மழை கனிலெஹுவா, லெஹுவாப் பூக்களில் ஒலியெழுப்பும் மழை. ஓஆஹு தீவின் மானோவா பள்ளத்தாக்கில் பெய்வது துவாஹினே. கொஹாலாவின் காற்று ஆப்பஅப்பஆ. ஒரு பாட்டில் மழையின் பெயர் வந்துவிட்டால் ஊர் வந்துவிட்டது, ஊர் வந்தால் அங்கே இருந்தவர் வந்துவிட்டார். ஹீலோவில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. துணி காயாமல் தவித்த நாட்களில் மழையைத் திட்டியிருக்கிறேன். அதன் பெயர் தெரிந்த பிறகு திட்ட வாய் வரவில்லை.

பிறகு, முடிப்பு. பழைய ஹூலா முடியும்போது ஆடுகிறவர்கள் "ஹே இனோவா நோ" என்று கூவி ஒரு பெயரைச் சொல்வார்கள். "இன்னாரின் பெயருக்கான பாட்டு" என்று பொருள். அரசருக்கோ, தெய்வத்துக்கோ, பிறந்த குழந்தைக்கோ பாடிக் கொடுத்த பாட்டு அது. கொடுத்துவிட்டால் அது அவருடையது. ஆடுகிறவர் ஒவ்வொரு முறையும் உரியவர் பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்.

20 பிப்ரவரி

கருவிகள் பட்டியல் கேட்டவருக்குச் சுருக்கமாக. பழைய வகையான காஹிகோவில் நரம்புக் கருவி கிடையாது. இரண்டு சுரைக்குடுக்கைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திய இப்பு ஹெக்கே, சுறாத்தோல் போர்த்திய பஹு பறை, பிளந்த மூங்கில் பூஇலி, கையில் தட்டும் ஆற்றுக்கற்கள் இலிஇலி. புது வகையான அவுஅனாவுக்குக் கிடார், உக்குலேலே எல்லாம் வரும். உக்குலேலே என்றால் துள்ளும் தெள்ளு. 1879-இல் மதேய்ரா தீவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த போர்ச்சுகீசியர்கள் கொண்டுவந்த குட்டிக் கிடாரிலிருந்து பிறந்தது.

இப்புவைப் பாயில் மோதி, உடனே விரலால் தட்ட வேண்டும். டூம், தக்தக். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

2 மார்ச்

கிடார் என்று சொன்னதும் எனக்கு எங்கள் வீடு ஞாபகம் வந்துவிட்டது. திருச்சியில் சித்தப்பாவிடம் ஒரு ஹவாயன் கிடார் இருந்தது. மடியில் படுக்கவைத்து இடது கையில் இரும்புக் கட்டையால் இழுத்து வாசிப்பார். வானொலியில் சினிமாப் பாட்டை அந்தக் கிடாரில் ஒலிபரப்பினால் சமையலறை வரைக்கும் அமைதி. அதற்கு ஏன் ஹவாயன் என்று பெயர் என்று வீட்டில் யாரும் கேட்டதில்லை, நானும்தான்.

கதை இதுதான். ஓஆஹு தீவின் லாஇயே ஊர்ப் பையன் ஜோசப் கெக்குக்கு. ஹொனலுலுவில் பள்ளி மாணவனாக இருந்தபோது, 1889 வாக்கில், கிடார்க் கம்பிகளின்மேல் இரும்பை வழுக்கி ஓசை எடுக்கப் பழகினான். 1915-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சியில் ஹவாய் இசைக் குழுக்கள் வாசிக்க, அமெரிக்கா முழுக்க அந்தப் பித்து. லாஇயேயில் வளர்ந்த டாவ் மோவேயும் அவர் குடும்பமும் ஊர் ஊராக வாசித்துக்கொண்டே 1940-களில் கல்கத்தாவில் தங்கினார்கள். அங்கே பலர் அந்த வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் இந்தி, தமிழ், வங்காள சினிமா எல்லாவற்றிலும் அந்த இழுப்பு புகுந்தது. கோட்டுவாத்தியத்தின் கமகத்தில் ஊறிய நம் காதுக்கு அது அந்நியமாகப் படவே இல்லை.

சித்தப்பாவுக்குப் பிடித்தது 'அலோஹா ஓஏ'. ஏதோ ஸ்வரப் புத்தகத்தில் பார்த்துக் கற்றாராம். லிலியுவோகலானி அரசி ஆட்சி பறிபோன பிறகு சிறையில் இருந்து எழுதிய பாட்டு அது.

3 மார்ச்

தவறு, மன்னிக்க வேண்டும். சிறைக்கும் அந்தப் பாட்டின் பிறப்புக்கும் தொடர்பில்லை. அதை அவர் இயற்றியது 1878-இல், அரசியாவதற்கு முன்பே. மௌனவிலி பண்ணையிலிருந்து குதிரையில் திரும்பும்போது யாரோ இருவர் தழுவி விடைபெறுவதைப் பார்த்தாராம். காதலர் பிரியும் பாட்டு. ஆட்சியைக் கவிழ்த்தது 1893 ஜனவரி 17. அரண்மனையிலேயே அவரைச் சிறைவைத்தது 1895-இல். அந்த அறையில் அவர் இயற்றியது வேறு, தன்னைச் சிறைவைத்தவர்களை மன்னிக்கச் சொல்லும் ஒரு வேண்டுதல் பாட்டு. நாடு போனபின் மக்கள் 'அலோஹா ஓஏ'வை நாட்டுக்கே விடைகொடுக்கும் பாட்டாகக் கேட்க ஆரம்பித்தார்கள். நான் அந்தக் கேட்பையே பிறப்பாக எழுதிவிட்டேன்.

முதல் சொல் ஹாஹேயோ. பெருமிதம். "பெருமிதத்தோடு மழை மலைச்சரிவை ஒட்டி நகர்கிறது" என்றுதான் பாட்டு தொடங்குகிறது. பாருங்கள், இங்கேயும் மழை. அரை நூற்றாண்டு அந்த மெட்டைக் கேட்ட எங்கள் வீட்டில் மழை பெய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மெட்டு திருச்சி வரைக்கும் வந்துவிட்டது. சொல் வரவில்லை.

1893-க்கு உரிய பாட்டு வேண்டுமென்றால் அது 'கவுலானா நா புவா'. அரச இசைக்குழுக் கலைஞர்கள் புதிய அரசுக்கு விசுவாச உறுதிமொழி தர மறுத்தார்கள். அவர்களுக்காக எலன் பிரெண்டர்காஸ்ட் எழுதியது. உங்கள் காசு வேண்டாம், எங்களுக்கு எங்கள் மண்ணின் கல்லே போதும் என்கிறது. கேட்க மெட்டு துள்ளலாக இருக்கும். ஆனால் அதற்கு ஆடக் கூடாது என்று கருதும் பெரியவர்கள் உண்டு. எங்கள் குமு எழுந்து நின்று பாடவைப்பார், அவ்வளவுதான்.

9 மார்ச்

"மொழி தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்களா?" என்ற கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை. 1896-இல் பள்ளிப் பாடம் ஆங்கிலத்தில்தான் என்று சட்டம் வந்தது. பள்ளியில் தாய்மொழி பேசி அடிவாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசியது. 1980-களின் தொடக்கத்தில் ஹவாய் மொழி பேசும் 18 வயதுக்குட்பட்டவர்கள் ஐம்பது பேர்கூட இல்லை. 1978-இல் மாநில அரசமைப்பில் அது ஆட்சிமொழியானது. 1984-இல் கவுஆயி தீவில் முதல் பூனானா லெயோ மழலையர் பள்ளி. பெயருக்குப் பொருள் குரல்களின் கூடு. குழந்தை உள்ளே நுழைந்தால் ஹவாய் மொழி மட்டும். ஹீலோவில் எதிர்வீட்டுப் பையன் அங்கே போனான். நாலு வயது. என் உச்சரிப்பைத் திருத்துவான், தயவுதாட்சண்யம் இல்லாமல். அவன் திருத்திய சொற்களை நான் மறக்கவே இல்லை.

அந்த இடைப்பட்ட காலத்தில் மொழியை வாயில் வைத்திருந்தவர்களில் ஹூலாக்காரர்கள் பெரும் பங்கு. ஹீலோவின் குமு ஈடித் கனகஓலே 1979-இல் மறைந்தார். அவர் குடும்பத்து ஹாலாவ், அதாவது ஹூலாப் பள்ளி, முழங்காலை நன்றாக மடித்துத் தாழ ஆடும் ஐஹஆ முறைக்குப் பேர்போனது. அரைமண்டி தெரிந்த நம்மவர்களுக்கே தொடை நடுங்கும். 2023-இல் அமெரிக்கக் கால்டாலர் நாணயத்தில் அவர் முகம் வந்தது. அதில் அவருடைய ஓதலின் சொற்கள் ஹவாய் மொழியில். ஒரு காலத்தில் பள்ளியில் அடிவாங்கித்தந்த மொழி!

6 ஏப்ரல்

ஹீலோவில் நடக்கும் மெர்ரி மோனார்க் ஹூலா விழாவின் நேரலை பார்த்துக்கொண்டே எழுதுகிறேன். அங்கே வெள்ளி மாலை, இங்கே சனி காலை, இட்லி ஆறிக்கொண்டிருக்கிறது. 1960-களின் முதல் பாதியில் தொடங்கிய விழா. 1960 சுனாமியில் நொந்துபோன ஹீலோவுக்கு ஆள்வரத்து வேண்டும் என்றுதான் ஆரம்பித்தார்கள். ஹூலாப் போட்டி 1971-இல் சேர்ந்தது. பெயர் கலாகவுவாவின் பட்டப்பெயர். ஈஸ்டரை ஒட்டிய வாரம், ஈடித் கனகஓலே அரங்கம். வியாழன் தனிப்பெண் போட்டி, வெள்ளி காஹிகோ, சனி அவுஅனா.

போட்டிக்கு முன்பே ஒவ்வொரு குமுவும் தன் மெலேயின் சொற்களையும் பொருளையும் விளக்கத்தையும் எழுதி நடுவர்களுக்குத் தந்துவிட வேண்டும். ஒரு மழைப் பெயருக்கு விரல் எப்படிப் பொழிகிறது என்று அதை வைத்துப் பார்ப்பார்கள். கேள்வி கேட்டவரே, முடிந்தால் இன்று ஒரு மணி நேரம் பாருங்கள். ஆண்கள் குழு வரும்போது அவசியம் பாருங்கள். இது பெண்கள் ஆட்டம் என்ற எண்ணம் அந்த நிமிடமே போய்விடும்.

6 ஏப்ரல், மதியம்

ஒரு குழுவின் தலைமாலையில் வெறும் பச்சை இலைகள். லெஹுவாப் பூ பூக்கும் ஓஹியா மரங்களுக்குப் பூஞ்சை நோய். 2014 வாக்கில் கண்டுபிடித்தார்கள், மரம் மரமாகச் சாய்கிறது. நோய் பரவக் கூடாது என்று பல குமுக்கள் லெஹுவாவைப் பறிப்பதை நிறுத்தினார்கள். பாட்டு முழுக்க லெஹுவா, தலையில் லெஹுவா இல்லை. நாங்கள் காட்டுக்குப் போனால் நுழையும் இடத்தில் செருப்பைத் தேய்த்துக் கிருமி கொல்லும் ஆல்கஹால் தெளித்துவிட்டுத்தான் போவோம். பறிக்கும் முன் காட்டிடம் ஓதிக் கேட்பதும், ஆடிய பிறகு இலைகளைத் திருப்பிக் கொண்டுபோய் வைப்பதும் பழைய முறை. பறிக்காமலே இருப்பது இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

21 ஏப்ரல்

ஒருவர் நான் ஆடிய காணொளி இருந்தால் போடச் சொன்னார். இல்லை. இருந்தது. ஹீலோவில் முதல் ஆண்டு முடிவில் வகுப்பில் ஆடியதைத் தோழி எடுத்துத் தந்தாள். பெருமையில் வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அனுப்பினேன். குமுவுக்குத் தெரிந்ததும் அழைத்துப் பேசினார். அந்த மெலே ஒரு குடும்பம் தன் பாட்டியின் பெயருக்கு வைத்திருப்பது, வகுப்பில் ஆட மட்டும் அனுமதி வாங்கியிருந்தாராம். அழித்துவிட்டேன். அன்றைக்கு எனக்கு வருத்தம், கொஞ்சம் ரோஷமும். கலை என்றால் பரவ வேண்டாமா என்று மனதுக்குள் வாதாடினேன்.

இப்போது அப்படித் தோன்றவில்லை. "ஹே இனோவா நோ" என்று ஒரு பெயரைச் சொல்லி முடித்த பாட்டை, அந்தப் பெயர்க்காரர் வீட்டைக் கேட்காமல் நான் எப்படி ஊருக்கு அனுப்பலாம்? பிப்ரவரியில் "கொடுத்துவிட்டால் அது அவருடையது" என்று இங்கே எழுதியபோது இந்தச் சம்பவத்தைச் சொல்லாமல் தாண்டிப்போனேன். சொல்லியிருக்க வேண்டும்.

11 மே

திருச்சி போயிருந்தேன். சித்தப்பா பரணிலிருந்து கிடாரை இறக்கினார். இரண்டு கம்பி துரு. மாற்றிப் போட்டு 'அலோஹா ஓஏ' வாசித்தார். கை நடுங்குகிறது, இழுப்பு அப்படியே இருக்கிறது. அரசி, பண்ணை, மழை எல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்தார். அப்புறம், "முதல் அடியைத் தமிழில் எழுதிக் கொடு, சொல் விழுகிற இடத்தில் இழுக்கணும்" என்றார். எழுதிக் கொடுத்தேன். விரலால் தொடையில் எண்ணிப் பார்த்தார். "இந்த ஹாஹேயோ மெட்டுக்குள் உட்காரவில்லையே. எத்தனை மாத்திரை?"

12 மே

ஆன்டிக்கு அனுப்பிக் கேட்டுவிட்டேன். சித்தப்பா சொன்னது சரி. ஹஅஹெஒ. நான்கும் குறில், நான்கு மாத்திரை, முதல் எழுத்துக்குப் பின் ஒக்கினா. மார்ச் 3 குறிப்பில் நான் நெடில் போட்டது பிழை.